தலையாட்டி வரி

வாய் ஓயாத பெண்ணையும் வாயே திறக்காத ஆணையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், அந்த மூன்றாவது மாடி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். காலையில் கண் விழித்ததிலிருந்து அவள் பேசுவாள். அடுப்போடு பேசுவாள், தண்ணீர் வராத குழாயோடு பேசுவாள், ஊறவைத்த துணியைப் பெயர் சொல்லாத குறையாகத் திட்டுவாள். அவர் எல்லாவற்றுக்கும் 'ம்' என்பார். அந்த ஒரு 'ம்'மை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டார் மனிதர். சும்மா சொல்லக் கூடாது, அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

அவளுக்குக் கடைத்தெருவில் ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை. அங்கே எல்லோரும் அவளை மைக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஜன்னலின் அகலம் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் இரண்டு கையையும் விரித்து 'இவ்வளவு' என்று காட்டுவார்கள் இல்லையா, அவர்களைப் பார்த்து, "கையை இப்படியே வச்சுக்கிட்டுத்தான் பஸ்ல வந்தீங்களா?" என்பாள். கடையே சிரிக்கும். கேட்டவரும் சிரித்துவிட்டு, வாங்க வந்ததைவிட ஒரு ஜன்னலுக்குக் கூடுதலாக வாங்கிக்கொண்டு போவார்.

அவருக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கணினி அறையில் வேலை. அங்கே அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, கறுப்புத்திரை. அவர் எழுதுகிற புரோகிராம்களுக்குப் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் புரோகிராமின் பெயரைத் தட்டி, பக்கத்திலேயே எந்த நோயாளி, எந்த இடத்தில் இருக்கிற கோப்பு என்று இரண்டு சொற்களைச் சேர்த்துத் தர வேண்டும். அந்தச் சொற்களுக்கு அவர்கள் தொழிலில் ஆர்க்யுமெண்ட் என்று பெயர். வேலை முடிந்ததும் புரோகிராம் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும், அது எக்ஸிட் கோட். பூஜ்யம் என்றால் நல்லபடியாக முடிந்தது. வேறு எந்த எண் வந்தாலும் எங்கேயோ கோளாறு. அதிசயமாக வாய் திறந்த ஒரு நாளில் இதை அவர் மனைவிக்கு விளக்கினார்.

"அப்போ பூஜ்யம் வாங்கினாதான் பாஸா? இது தெரியாம எங்க கணக்கு வாத்தியார் என்னை அந்த அடி அடிச்சாரே" என்றாள் அவள். அவர் அதற்கும் 'ம்' என்றார், ஆனால் சிரித்துக்கொண்டே.

அவளுடைய தொண்டை கட்டிக்கொண்டது ஒரு மழைக்காலத்தில். சளி என்றாள், கடையில் கத்திக் கத்தி வந்தது என்றாள், வெந்நீர் குடித்தாள். குரல் திரும்பவில்லை. கடைசியில் அவரே பிடிவாதமாகத் தன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கட்டி குரல்வளையிலேயே இருக்கிறது, குரல்வளையை எடுத்தால்தான் உயிர் நிற்கும், எடுத்தால் பேச்சு வராது என்றார். வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாழ்க்கையில் பயந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் ஒரு வழி இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே குரல் பயிற்சிப் பிரிவு என்று ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, வெளிச்சத்தம் நுழையாமல் அடைத்து வைத்திருப்பார்கள். குரல் போவதற்கு முன்னால் அங்கே உட்கார்ந்து நிறைய வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்துவிட்டால், அதைக்கொண்டு ஒரு கருவியைப் பழக்கலாம். பிறகு அவள் எழுதுவதை அது அவள் குரலிலேயே பேசும். அந்தப் பிரிவை நடத்திய குரல் பயிற்சியாளர் சின்ன வயசுப் பெண், ரொம்பப் பொறுமைசாலி.

அவள் விழுந்து விழுந்து பேசினாள். தொண்டையில் கட்டி இருந்தாலும் பழைய குரல் பெரும்பாலும் மிச்சமிருந்த நாட்கள் அவை. நலம் விசாரித்தாள், திட்டினாள், சிரித்தாள், கடைக்கு வருகிறவர்களிடம் பேரம் பேசுகிற மாதிரிப் பேசினாள். பயிற்சியாளர் கொடுத்த வாக்கியங்கள் சப்பென்று இருக்கின்றன என்று தானே புதிதாகச் சொன்னாள். தினமும் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கடைசி நாள் மட்டும் பயிற்சியாளரை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நெடுநேரம் கழித்துக் கண் சிவந்து வெளியே வந்தாள். வாசலில் காத்துக்கொண்டிருந்தவர், "என்ன பேசின?" என்று கேட்டார்.

"உங்களுக்குத்தான். நேர்ல சொன்னா நீங்க தலையை ஆட்டிட்டுப் போயிடுவீங்க. இது திரும்பத் திரும்பக் கேக்கலாம். நான் ஊமையானதுக்கு அப்புறம் நிதானமா உக்காந்து கேளுங்க."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் துளையும் குழாயும், மூக்கு வழியாகச் சாப்பாடு, கையில் ஒரு சிலேட்டு. தையல் ஆறிவருகிற நாட்களிலேயே அவள் குறும்பு திரும்பிவிட்டது. 'மூக்குல சாப்பிட்டா உப்பு பத்தலன்னு குறை சொல்ல முடியல' என்று எழுதிக் காட்டி நர்ஸைச் சிரிக்கவைத்தாள். ஒவ்வொரு நாளும் அவர் வந்ததும் ஒரே கேள்வியை எழுதுவாள். 'கேட்டீங்களா?' இன்னும் கருவி தயாராகவில்லை, எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று அவர் சொல்வார். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவளோடு சேர்ந்து கேட்கலாம் என்று வைத்திருந்தார்.

அன்று காலை வார்டிலிருந்து கணினி அறைக்குப் படியிறங்கும்போது பயிற்சியாளர் போனில் கூப்பிட்டாள். "சார், கொஞ்சம் இங்க வர முடியுமா? மேடத்தோட ஃபோல்டர்ல ஒண்ணுமே இல்ல சார்."

வேறு ஃபோல்டரைத் திறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேதான் அவர் போனார். பயிற்சியாளர் தன் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். மனைவியின் நோயாளி எண், அதன் கீழே வெறுமை. ஆஸ்பத்திரியின் கணினிச் சேமிப்பில் தேடக்கூடிய இடமெல்லாம் அவர் தேடினார்.

"பதிவு பண்ணும்போது கேட்டியாம்மா?"

"ரெக்கார்டர்லயே போட்டுக் கேட்டேன் சார், அருமையா இருந்துச்சு. அப்புறம் உங்க போர்டு பச்சைன்னு பாத்துட்டுத்தான் ஒவ்வொரு நாளும் அவங்களை வீட்டுக்கு அனுப்புனேன்."

போர்டு என்பது கணினி அறைச் சுவரில் தொங்கும் பெரிய திரை. ஆஸ்பத்திரியில் ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. பூஜ்யம் சொல்லிவிட்டுப் போனால் பச்சை, வேறு எண் சொன்னால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் பொறுப்பில் இருப்பவரின் போனும் அலறும். அதே கட்டங்களை அந்தந்தப் பிரிவிலும் பார்க்கலாம். எல்லோரும் அந்தப் பச்சையை நம்பித்தான் வேலை பார்த்தார்கள்.

அவர் ஓட்டமும் நடையுமாகத் தன் இருக்கைக்கு வந்தார். குரல் பதிவுகளை ரெக்கார்டரிலிருந்து சேமிப்புக்கு ஏற்றும் புரோகிராம் அவர் கையால் எழுதியதுதான். அதற்கு இரண்டு ஆர்க்யுமெண்ட் வேண்டும், நோயாளி எண்ணும் பதிவு இருக்கும் இடமும். குரல் பிரிவுக்குப் புது ரெக்கார்டர் வந்திருந்தது நினைவுக்கு வந்தது. அது ஏற்றும் புரோகிராமை எப்படி அழைக்கிறது என்று பார்த்தார். இடத்தை மட்டும்தான் சொல்கிறது. நோயாளி எண்ணை இடத்தின் பெயருக்குள்ளேயே சேர்த்துவிட்டது அந்தப் புத்திசாலி இயந்திரம். இரண்டு சொற்கள் வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வந்திருக்கிறது.

அதனால் என்ன, அதற்குத்தான் சோதனை வைத்திருந்தாரே? ஆர்க்யுமெண்ட் குறைந்தால் ஒரு கோப்பையும் தொடாமல், எது வரவில்லை என்று சொல்லிவிட்டு, இரண்டு என்ற எண்ணோடு முடியும்படி எவ்வளவு ஜாக்கிரதையாக எழுதியிருந்தார்! புது ரெக்கார்டர் அழைக்கிற மாதிரியே கறுப்புத் திரையில் ஒரே ஒரு சொல்லைத் தந்து தானே ஓட்டிப் பார்த்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. எந்த எண்ணோடு முடிந்தாய் என்று கேட்டார். பூஜ்யம் என்றது.

அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குத் தலையாட்டி என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். புரோகிராமை அழைக்கும் கட்டளையின் வாலில் ஒரு துண்டைச் சேர்த்துவிட்டால், உள்ளே என்ன எண் வந்தாலும் வெளியே பூஜ்யம் என்றே சொல்லும். அது முனகுவதையும் யாரும் பார்க்காத இடத்துக்குத் தள்ளிவிடும். குரல் பிரிவில் பதிவே நடக்காத நாட்களில், 'ஏற்ற ஒன்றுமில்லை' என்று ஒன்றாம் எண்ணோடு முடிந்து போர்டைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தது அவருடைய புரோகிராம். பெரிய மனிதர்கள் அறையைப் பார்வையிட வருவதற்கு முன்னால், "அந்தச் சிவப்பை ஏதாவது பண்ணுங்களேன்" என்றார் மேலாளர். ஒன்றுமில்லை என்பதற்கு ஒரு பதில், தோற்றேன் என்பதற்கு வேறு பதில் என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாதா? அரை நாள் வேலை, அவ்வளவுதான். அப்புறம் செய்துகொள்ளலாம் என்று தலையாட்டியைச் சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்த அப்புறம் வரவே இல்லை. நம் எல்லோருடைய அப்புறமும் அப்படித்தானே.

அவர் தலையாட்டியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். 'நோயாளி எண் தரப்படவில்லை. எதுவும் ஏற்றப்படவில்லை' என்று அவர் எழுதிய அதே வாக்கியம் திரையில் வந்தது. எண் இரண்டு. ஒவ்வொரு நாளும் அவள் பேசி முடித்து வீட்டுக்குப் போன பிறகு இது இதைத்தான் சொல்லியிருக்கிறது. அடுத்து ஓடுகிற துப்புரவுப் புரோகிராம், முன்னது பூஜ்யம் சொன்னதை நம்பி, ரெக்கார்டரின் மெமரி கார்டைத் துடைத்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு நாளும்.

அவர் குரல் அறைக்கு ஓடினார். ரெக்கார்டரிலிருந்து கார்டைப் பிடுங்காத குறையாக உருவினார். துடைத்த கோப்பு உடனே அழிந்துவிடாது, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை அடியில் கிடக்கும். இழந்ததை மீட்கும் புரோகிராம் ஒன்றும் அவரிடம் இருந்தது. அதற்குத் தர வேண்டிய சொற்களைத் தட்டினார். தப்பு விழுந்து, அழித்து, மறுபடி தட்டினார். கடவுளே, கடைசி நாள் மட்டுமாவது, அந்தக் கடைசி நாள் மட்டும் போதும் என்று முணுமுணுத்தார். கோயில் குளம் என்று போகிற ஆளே இல்லை அவர்.

ஒரு பதிவு முழுசாகக் கிடைத்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டார்.

"படியில நிக்காதீங்க, உள்ள போங்க. உள்ளதான் அவ்வளவு இடம் இருக்கே, யாருக்காக வச்சிருக்கீங்க?"

கரகரத்த ஆண்குரல். அவளுக்குப் பிறகு பதிவுக்கு வந்துபோன பஸ் டிரைவர் அது. ஒரே கார்டில் ஒவ்வொரு பதிவும் முன்னதன்மேல் ஏறியிருக்கிறது, அவள் பேசியதற்கெல்லாம் மேலே டிரைவர் உட்கார்ந்திருந்தார். அவர் ஹெட்போனைக் கழற்றாமல் மறுபடி மறுபடி தேடவிட்டார். அவளுடையது ஒரு இருமல்கூடக் கிடைக்கவில்லை. மீட்கும் புரோகிராம், வேறு எதுவும் இல்லை என்று ஒன்றாம் எண்ணைச் சொல்லி முடிந்தது. அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார். பயிற்சியாளர் கதவோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"போன்ல அவங்க பேசினது ஏதாவது இருக்கா சார்?"

இருந்தது, நாலைந்து. பதிவு பண்ணி அனுப்புவது சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது என்று அவள் அனுப்பவே மாட்டாள். சாவியை எங்கே வைத்தீர்கள், குடை கொண்டுபோனீர்களா, பின்னால் கடையின் இரைச்சல். பயிற்சியாளர் கேட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இதை வச்சு ஏதோ ஒப்பேத்தலாம் சார். ஆனா அது அவங்களா இருக்காது." மனைவி கடைசி நாள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதை எதைக்கொண்டு ஒப்பேற்றுவது?

பயிற்சியாளர்தான் மெதுவாகக் கேட்டாள். "டிரைவர் ஐயாவோட மத்த நாள் பதிவும் அப்போ போயிருக்கும்ல சார்? அவருக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து மேலாளரிடம் போனார். மேலாளர் கெட்டவர் இல்லை. மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்றபோது கேள்வி கேட்காமல் விடுப்புக் கொடுத்தவர்தான். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ரொம்பக் கஷ்டமா இருக்குங்க. ஆனா தலையாட்டியை இப்போ எடுத்தா போர்டு பூரா சிவப்பாயிடும், மேல இருந்து ஆயிரம் கேள்வி வரும். ஓசைப்படாம சரி பண்ணுவோம். டிரைவருக்கு ஒரு நாள் பதிவு இருக்குல்ல, அதை வச்சு அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் அவருக்கு குரல் இருக்காது சார்."

இத்தனை வருஷத்தில் மேலாளரிடம் அவர் எதிர்த்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதற்குமேல் நிற்கவில்லை. போய் உட்கார்ந்து தன் புரோகிராம்களில் இருந்த தலையாட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ரெக்கார்டர் நோயாளி எண்ணையும் தனியாகத் தரும்படி திருத்தி, கார்டைத் துடைப்பதை நிறுத்தினார். அடுத்த சுற்று ஓடியதும் சுவர்த்திரையில் சிவப்புக் கட்டங்கள் பொரிந்தன. நாலா பக்கமும் போன் அலறியது. இத்தனை நாளாக எதெதெல்லாம் சத்தமில்லாமல் கெட்டுக் கிடந்ததோ என்று பக்கத்து இருக்கைக்காரர்கள் திட்டிக்கொண்டே எழுந்து ஓடினார்கள்.

மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு டிரைவர் வார்டிலிருந்து பஞ்சு அறைக்கு வந்தார். இரண்டாவது தடவை எதற்கு என்று தெரிந்ததும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உள்ளே உட்கார்ந்து முதல் வாக்கியமே ஆஸ்பத்திரிக்காரர்களைத் திட்டித்தான் ஆரம்பித்தார். திட்டுங்கள், எல்லாம் பதிவாகட்டும் என்று பயிற்சியாளர் விட்டுவிட்டாள். ஏறிய ஒவ்வொரு கோப்பையும் சேமிப்பிலிருந்து திறந்து, காதால் கேட்டபிறகே கணினி அறைக்காரர் அடுத்ததற்குப் போனார். முடிந்ததும் டிரைவர் அவர் தோளைத் தட்டினார். "உங்க வீட்லயும் இதே ஆபரேஷன்தானாமே தம்பி. அவங்க குரல் வந்துடுச்சா?" அவர் இல்லை என்று சொன்னார்.

மாலைப் பார்வை நேரத்தில் அவர் வார்டுக்குப் போனார். படியில் ஏறும்போது பொய்கள் தாமாக வந்து கையைப் பிடித்தன. இன்னும் தயாராகவில்லை எனலாம். கருவி பழுது எனலாம். போனில் இருப்பதை வைத்து ஒப்பேற்றிவிட்டு, மெஷின் என்றால் அப்படித்தான் இருக்கும் எனலாம். அவள் நம்புவாள், அவர் சொன்னால் நம்புவாள்.

ஜன்னலோரக் கட்டிலில் அவள் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள். முன்பே எழுதி வைத்திருந்தாள். 'கேட்டீங்களா?'

"இல்லம்மா" என்றார். "கேக்க ஒண்ணும் இல்ல. நீ பேசினது எல்லாம் அழிஞ்சு போச்சு. அழிஞ்சதுக்குக் காரணம் நான்தான்."

அவர் வேடிக்கை பேசத் தெரியாதவர் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு நொடி சிரிக்கத்தான் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். சிலேட்டை அழித்துவிட்டு எழுதினாள். 'கடைசி நாளுமா?'

"கடைசி நாளும்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். புது ரெக்கார்டர், குறைந்துபோன ஒரு சொல், தான் சேர்த்த தலையாட்டி, டிரைவர், எதையும் விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவள் பாதியிலேயே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தம் மட்டும் இல்லை, கழுத்துத் துளையில் காற்று சீறிச் சீறிப் போய் வந்தது. சத்தமில்லாமல் ஒரு ஆள் கதறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது. அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொடக் கை நீட்டினார், அவள் தட்டிவிட்டாள்.

நர்ஸ் வந்து குழாயைச் சுத்தம் செய்துவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டிலின் விருந்தாளிகள் கிளம்பினார்கள்.

"நீ என்ன சொன்னன்னு எழுதியாவது குடுப்பியா?" என்று கேட்டார் அவர்.

அவள் திரும்பினாள். முகம் வீங்கியிருந்தது. சிலேட்டை மடியில் வைத்து 'ஏங்க' என்று எழுதினாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளங்கையால் அழித்துவிட்டு, சிலேட்டைக் கட்டிலுக்குக் கீழே போட்டாள். அவர் தாடையைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு, பேச ஆரம்பித்தாள்.

உதடு அசைந்தது, குரல் இல்லை. அவள் நிறுத்தவில்லை. ஒரு இடத்தில் விரலை நீட்டி மிரட்டினாள். ஒரு இடத்தில் யாரையோ நினைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு இடத்தில் உதடு நடுங்கி நின்று, எச்சிலை விழுங்க முடியாமல் துடைத்துக்கொண்டு, மறுபடி தொடர்ந்தாள். புருவம், கை, கண் எல்லாம் சேர்ந்து பேசின. முடித்துவிட்டு, மூச்சு வாங்க, அவரையே பார்த்தாள்.

"'ஏங்க'ன்னு ஆரம்பிச்சது மட்டும் தெரிஞ்சுது" என்றார் அவர். "அதுக்கப்புறம் ஒண்ணுமே புரியலம்மா."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்து, தாடையை இன்னும் கிட்டே இழுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக.